பதின்மூன்று வீதக் கொழுப்பு

போன வருடக் கோயில் தேர்த் திருவிழாவில், மேற்சட்டை இல்லாமல் வடம் பிடித்து நின்ற என் கணவரைப் பார்த்து என் தம்பி வசீகரன், "அத்தான், தேருக்கு முன்னாலை உங்கடை வண்டியெல்லோ போகுது!" என்றுவிட்டான். வண்டி என்றால் எங்களுக்குத் தொப்பை. சனம் சிரித்தது. என் கணவர் உருத்திரமூர்த்தி அன்றைக்கே சபதம் எடுத்தார், அடுத்த தேருக்குச் சிக்ஸ் பேக். வயது நாற்பத்தாறு.

உடம்பில் நூற்றுக்கு எத்தனை வீதம் கொழுப்பு என்று அறிவதுதான் முதல் வேலையாம். குளியலறைத் தராசு பதினெட்டு என்றது. கழுத்தையும் இடுப்பையும் அளந்த நாடா இருபத்தைந்து என்றது. ஜிம்மில் பயிற்சி தருகிற றொக்சன் கொழுப்பளக்கும் இடுக்கியால் கிள்ளிப் பார்த்து இருபத்திரண்டு என்றான். என்னைக் கேட்டிருந்தால் நாற்பது என்றிருப்பேன். சாதகப் பொருத்தம் சரிவரும்வரை சாத்திரியை மாற்றுகிற பரம்பரையல்லவா, தராசையே நம்பினார்.

"பதினெட்டெண்டால் ஏன் ஒண்டும் தெரியேல்லை, ஜெயனி?" கண்ணாடி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வெளிச்சம் காணாது போலை."

பதின்மூன்றுக்கு இறங்கினால்தான் தசை தெரியுமாம். ஜான்-டலோன் மரக்கறிச் சந்தைப் புறோக்கோலி முழுக்க எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அவிக்கிற அரிசிமாப் புட்டைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், அவித்த கோழியைத் தின்பார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் ஆடி பிறந்தபோது தராசு, நாடா, இடுக்கி மூன்றும் அதிசயமாகப் பதின்மூன்று என்றன. வயிற்றில் மெய்யாகவே ஆறு கட்டங்கள். நானே எண்ணிப் பார்த்தேன்.

தேரன்று வேட்டியை நன்றாக இறக்கி உடுத்து, சால்வையைப் பேருக்கு இடுப்பில் சுற்றிக்கொண்டு போய் வடத்தைப் பிடித்தார். மெலிந்த இடுப்பில் வேட்டி வழுக்கியது. கோயில் தொண்டர் ஆனந்தராசா அண்ணை பதறி ஓடிவந்தார்.

"தம்பி, வேட்டி கழலப்போகுது! சாமிக்கு முன்னாலை மானம் போயிடும்!"

வேட்டியை நெஞ்சுவரை ஏற்றி, ஆறு கட்டமும் மறையச் சால்வையால் இறுக்கிக் கட்டிவிட்டார். இரண்டு கையும் வடத்தில் இருந்ததால் இவரால் தடுக்க முடியவில்லை. தேர் நகர்ந்துவிட்டது.

முன்வரிசையில், தன் தொப்பையைச் சால்வைக்கு மேலால் தாராளமாகத் தொங்கவிட்டபடி போன வசீகரன் திரும்பிப் பார்த்தான்.

"அத்தான், இந்தமுறை நல்லா மூடிக் கட்டிப்போட்டியள். கெட்டிக்காரன்!"

உருத்திரமூர்த்தியின் முகம் செத்துப்போயிற்று. ஒரு வருடமாக நக்கலடித்த எனக்கே பொறுக்கவில்லை. அரோகராச் சத்தத்துக்கு மேலால் கத்தினேன்.

"பதின்மூண்டடா! பதின்மூண்டு!"

பக்கத்தில் நின்ற புஷ்பவதி அக்கா பக்தியோடு என் கையைப் பிடித்தார்.

"பதின்மூண்டு தேங்காய் உடைக்கிற நேர்த்தியோ, பிள்ளை?"

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.