நாற்பது கட்டு

மனைவியின் முகத்துக்கு ஸ்டுடியோக்காரர் அறுநூறு சொன்னார். கடைக்காரர் முந்நூறுக்குக் கேட்டார்.

கேட்ட பிறகுதான், எதற்கு விலை பேசுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் வாய் முப்பத்தைந்து வருஷமாக அப்படியே பழகிவிட்டது. யார் எந்த விலை சொன்னாலும் அதில் பாதியை அது தானாகச் சொல்லிவிடும். அப்புறம்தான் சரக்கு என்னவென்று கண் பார்க்கும். கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். கடைத்தெருவில் அவருக்கு முழம் என்று பெயர். கை குட்டையாக இருப்பதால் அந்தப் பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். அந்தக் குட்டைக் கையாலேயே கயிற்றை அளந்து கொடுப்பதால் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

ஸ்டுடியோக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டையை விளக்குக்குக் கீழே தள்ளிக் காட்டினார். அதில் நகம் அளவுக்கு ஒரு படம். மோவாயின் பாதியை வட்ட முத்திரை தின்றிருந்தது. முத்திரையை அழித்தால் அந்த இடத்தைத் தானே ஊகித்து வரைய வேண்டும் என்றார். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும், கழுத்துக்குக் கீழே ஒரு உடம்பு வேறு தேட வேண்டும் என்றார்.

"அப்ப நானூறு."

"நானூத்தம்பது. அதோட பேச்சு முடிஞ்சுது," என்றார் ஸ்டுடியோக்காரர். அட்டையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற நல்ல படம் கிடைச்சா மத்தியானம் ஒரு மணிக்குள்ள கொண்டாங்கண்ணே. இது வேண்டாம். அக்கா இப்படி இருக்க மாட்டாங்க."

தன் மனைவி எப்படி இருப்பாள் என்பதை இன்னொருவன் சொல்லிக் கேட்க அவருக்கு என்னவோ போலிருந்தது. பதில் சொல்லப் பார்த்தார். அவள் எப்படி இருப்பாள் என்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. ஏழு மாத ஆஸ்பத்திரி முகம்தான் முன்னால் வந்து நின்றது.

அதுதான் சிக்கலே. மூன்று மணிக்கு உடல் வீட்டுக்கு வந்துவிடும். நாலரைக்கு எடுத்துவிடுவார்கள். நோய் அந்த முகத்தை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தது. வருகிறவர்கள் பார்ப்பதற்கு அம்மாவின் படம் ஒன்று ஹாலில் இருக்க வேண்டும் என்று மகள் காலையில் சொல்லியிருந்தாள். "மூஞ்சி தெரியற மாதிரி ஒண்ணுப்பா. ஒண்ணு போதும்." இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்றுதான் அவர் கிளம்பினார். ஆயிரக்கணக்கில் படம் இருக்கிற வீடு. பாதி வழியில்தான் விளங்கியது. ஒன்றிலும் அவள் இருக்க மாட்டாள். எல்லாவற்றையும் எடுத்தது அவள். கல்யாணப் படம் ஒன்று உண்டு. அதிலிருக்கும் பெண்ணை அம்மா என்று மகளே ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மகள் படுக்கையறையில் அம்மாவுடைய பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவைகள் இரண்டே தட்டில் அடங்கியிருந்தன. மற்றதெல்லாம் அட்டைப் பெட்டிகள். அவர் கடைக்கு சரக்கு வந்த பெட்டிகள்தான். ஒவ்வொன்றின் மேலும் அவள் கையெழுத்து. மழை. பூட்டு. கை. வரிசையில் நிற்பவர்கள்.

அந்தக் கேமராவைப் பற்றி இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரே ஒரு கருத்துத்தான் சொல்லியிருந்தார். கடையில் உட்கார்ந்து தார்ப்பாய் ஓரங்களுக்குப் பித்தளை வளையம் அடித்துக் கொடுப்பாள் அவள். அதற்குக் கூலி என்று ஒன்றும் கிடையாது. வீட்டுக்காரிக்கு யார் கூலி கொடுப்பார்கள்? வெளி ஆளுக்குக் கொடுப்பதில் பாதியையாவது எனக்குக் கொடுங்கள் என்று ஒரு வருஷம் கேட்டு வாங்கிச் சேர்த்து, ஸ்டுடியோக்காரர் மாற்றிப்போட்ட பழைய கேமராவைத் தவணையில் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அவர் சுற்றிவந்து பார்த்தார். விலையைக் கேட்டார். "என்கிட்ட சொல்லியிருந்தா பாதி விலைக்கு முடிச்சிருப்பேன்," என்றார். அதுதான் கருத்து. அதற்குமேல் அதில் பேச என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

பைத்தியம் என்றோ வீண் வேலை என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தடுத்ததும் இல்லை. கடைத்தெருவில் மற்றவர்கள் பெண்டாட்டிகளைப் பற்றிப் புலம்பும்போது, நம் வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை, ஒரு கேமராப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று பெருமையாகக்கூடச் சொல்வார்.

ஒருமுறை நூலக மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேருடைய படங்களை மாட்டினார்கள். அவளுடையது மூன்று. ஸ்டுடியோக்காரர் ஏற்பாடு. கடையைப் பத்து நிமிஷம் முன்னதாக அடைத்துவிட்டு அவரும் போனார். மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை என்ன என்று விசாரித்தார். திரும்பும் வழியில், தெருமுனை வரைக்கும் பேசாமல் வந்தவள், எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"படத்தைக் கட்டியிருந்த கயிறு மட்டமான சரக்கு," என்றார் அவர். "நம்ம கடையில கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

அக்கறையாகச் சொன்னதுதான். பிறகு அவள் எந்தப் படத்தையும் அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டதாக நினைவில்லை.

மகள் 'கை' என்று எழுதிய பெட்டியைத் திறந்து ஒரு படத்தை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தார்ப்பாய் கனம் பார்க்கிற பழக்கம்.

"விரல் படக்கூடாதுப்பா. ஓரத்தைப் பிடிங்க."

ஓரத்தைப் பிடித்தார். ஒரு சுமைக்காரரின் கை, முடிச்சை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தது. "பன்னிரண்டு எம்எம் நைலான்," என்றார்.

"கயிறைப் பாக்காதீங்கப்பா."

வேறு எதைப் பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை. மகள் அவசர அவசரமாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே போனாள். முகங்கள் இருந்தன, எல்லாம் பிறத்தியார் முகங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியது. அடித்தட்டில் கடைசிப் பெட்டி. மேலே 'இவர்' என்று எழுதியிருந்தது.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திறந்தாள். அடுக்கடுக்காக அவர்தான். கடைப் படியில் இறங்குகிறார். லாரிக்காரரிடம் பேசுகிறார். ஷட்டரைத் தூக்குகிறார். குடையோடு தெருவைக் கடக்கிறார். எல்லாவற்றிலும் முதுகு. காதில் செருகிய பென்சில், சட்டைக் காலர், பிடரி.

"உச்சந்தலையில எனக்கு சொட்டையா?"

"பத்து வருஷமா இருக்குப்பா."

"யாரும் சொல்லலையே."

மகள் படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். முடி கறுப்பிலிருந்து நரைக்கு வந்துகொண்டிருந்தது. "ஏம்ப்பா எல்லாமே முதுகு?"

அவருக்குத் தெரியும். "ஒரு நிமிஷம் இங்க பாருங்க" என்பாள் அவள், கடைக்குக் கிளம்பும்போதெல்லாம். நேரமாச்சு என்பார். ஒரு நிமிஷம்கூட வேண்டாம் என்று ஒருநாள் அவருக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். "ஒரு செகண்டை எடுத்து நூத்தியிருபத்தஞ்சு துண்டா வெட்டுங்க. அதுல ஒரு துண்டு குடுத்தா போதும், ஒரு படம்."

"அவ்வளவு துண்டு போட்டா சேதாரம்தான் மிஞ்சும்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். நல்ல பதில் என்று அன்று கடையில் போய் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

பெட்டியின் அடியில் ஓர் உறை. அதில் ஒரே ஒரு படம். மகள் அதை எடுத்தாள், உற்றுப் பார்த்தாள், அவரிடம் கொடுத்தாள்.

நீலப் புடவை. கோத்துப் பிடித்த கைகள். விரலில் பித்தளை வளையம் அடித்துக் காய்த்த தடம்கூடத் தெரிந்தது. பின்னால் தார்ப்பாய்க் கட்டுகள், சுவர் முழுக்க, ஒன்றுவிடாமல். கழுத்தோடு படம் முடிந்துவிட்டது. தலை இல்லை.

புது சரக்கு இறங்கிய நாள். கேமராவை அவர் கையில் கொடுத்து, என்னை ஒன்று எடுங்கள் என்று அவளாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். கண்ணை வைத்துப் பார்த்தார். நாற்பது கட்டும் உள்ளே வர வேண்டும். வெளியூர்ப் பார்ட்டி ஒருவர் சரக்கைப் படமாகக் கேட்டிருந்தார். ஒரே செலவில் இரண்டு வேலை. கீழ் வரிசை தெரியவில்லை. கேமராவைக் கொஞ்சம் இறக்கினார்.

பிரிண்டு வந்ததும் அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கட்டு நாப்பதும் வந்திருக்கு," என்றாள். ஆமாம் என்றார் அவர். இன்னொரு பிரிண்டு போட்டு அனுப்பியதில் ஆர்டரும் கிடைத்தது. அந்தக் கேமராவில் எடுத்த படங்களில் உருப்படியான படம் அதுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல அம்மா எங்கப்பா?" என்றாள் மகள்.

அவர் படத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஸ்டுடியோக்காரர் அதைக் கையில் வாங்கியதும் யார் எடுத்தது என்று கேட்கவில்லை. அந்த பிரிண்டைப் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். "தலையைக் கொண்டாந்து உடம்பு கேக்கறவங்கதான் இங்க வருவாங்க," என்று தொடங்கினார். படத்தை விளக்குக்குக் கீழே வைத்தார்.

"அட்டையில தலை இருக்கு. இதுல உடம்பு இருக்கு."

"ஒட்டிடலாம். ஆனா அக்காவுக்கு ஒட்டு வேலைன்னா ஆகாதுண்ணே. இறந்தவங்களுக்குக் கோட்டு மாட்டி விடறேன்னு என்னை எத்தனை திட்டுத் திட்டியிருக்காங்க."

கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒட்டுங்க."

அரை மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டரில் கட்டுகள் ஒவ்வொன்றாக அழிந்து அந்த இடம் வெறும் ஊதாவானது. அழிய அழிய அவர் தன்னையறியாமல் எண்ணினார். முத்திரை மறைந்து ஒரு மோவாய் வந்தது. யாருடைய மோவாயாகவும் இருக்கலாம். தலை மேலிருந்து இறங்கிக் கழுத்தில் உட்கார்ந்தது. அவர் முன்னால் குனிந்தார். ஏதோ உறுத்தியது. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

"வெளிச்சம் சேரலையே," என்றார்.

ஸ்டுடியோக்காரரின் கை நின்றது. திரும்பி அவரையே பார்த்தார்.

"சேராதுண்ணே. முகத்துக்கு நேர் வெளிச்சம். உடம்புக்கு இடது பக்கத்துல இருந்து வருது. அக்கா இருந்தா முதல்ல இதைத்தான் சொல்லியிருப்பாங்க." "நீங்க படம் பாப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா அவங்க..." என்று இழுத்தார். பிறகு பிரிண்டு பொத்தானை அழுத்தினார்.

கடைக்காரர் அறுநூறு ரூபாயை எண்ணி மேஜைமேல் வைத்தார். ஸ்டுடியோக்காரர் நூற்றைம்பதைப் பிரித்துத் திருப்பித் தள்ளினார்.

"வெச்சுக்கங்க."

"பேசினது பேசினதுதாண்ணே. நீங்கதானே கடைத்தெருவுக்கே சொல்லிக் குடுத்தீங்க."

ரசீது எழுதிக் கொடுத்தார். கூடவே மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகித உறை. அக்கா போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து மகளிடம் கொடுத்தனுப்பிய கடைசி ஃபிலிம் சுருள். கழுவிப் பிரிண்டும் போட்டுவிட்டேன், வாங்க ஆள் வரவில்லை என்றார். அதற்குக் காசு அக்கா முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டதாம்.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். தலைமாட்டில் படத்தை வைத்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் ஒரு அந்நிய முகம், சட்டத்துக்குள் இன்னொரு அந்நிய முகம். வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதைப் பார்த்து அழுவது என்று தெரியாதவர்கள்போல் தரையைப் பார்த்து அழுதார்கள். அவர் மட்டும் படத்தின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவை மட்டும்தான் அவள்.

பக்கத்து வீட்டம்மாள் மகளின் தோளைத் தடவி, படம் லட்சணமாக இருக்கிறது, யார் எடுத்தது என்று கேட்டாள்.

"அப்பா," என்றாள் மகள். அவர் பக்கம் திரும்பவில்லை.

நாலரைக்கு எடுத்தார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் படுக்கையறைக்குப் போய்ப் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து காகித உறையைப் பிரித்தார்.

வார்டு ஜன்னல். மருந்து தொங்கும் கம்பியின் நிழல். கழுவிவிட்ட தரை. அதே ஜன்னல், மழையில். பக்கத்துக் கட்டில் கிழவியின் செருப்பு. ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடினார். கண்டுபிடிக்க முடிந்தது. கண்டுபிடித்ததைச் சொல்ல ஆள் இல்லை.

கடைசிப் படத்தில் வார்டுக் கதவு. கதவில் அவர் முதுகு. காதில் பென்சில். அன்றைக்கும்தான் கூப்பிட்டாள், குரல் பாதி காற்றாக. லாரி வந்து நிற்கிறது, சாயந்தரம் பார்க்கலாம் என்றார். சாயந்தரம் அவள் மருந்துத் தூக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு கேமராவைத் தூக்கவில்லை.

'இவர்' பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் எண்ண ஆரம்பித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. கையிலிருப்பதோடு இருநூற்றுப் பதின்மூன்று. சட்டைப் பையிலிருந்த ரசீதைக் கவிழ்த்து அதன் முதுகில் பென்சிலால் எழுதி, நூற்றிருபத்தைந்தால் வகுத்தார். வெளிச்சத்துக்குத் தகுந்தபடி கூடக் குறைய இருக்கும். மொத்தக் கணக்குக்கு அது போதும்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளுக்கு நின்று கொடுத்தது இரண்டு செகண்டுகூட வரவில்லை. அதிலும் முழுக்க முதுகு.

எதிர்ப் பக்கத்தில் அவர் எடுத்தது: ஒன்று.

தப்பிருக்குமோ என்று மறுபடி வகுத்துப் பார்த்தார். அதே விடைதான் வந்தது. ரசீதைத் திருப்பினார். முன்பக்கத்தில் ஸ்டுடியோக்காரரின் கையெழுத்து, தெளிவாக:

முகம் ஒன்று. நானூற்றைம்பது. பாக்கி இல்லை.