லாரிக்குப் போகாத சேம்பு

வெயில் ஏறுவதற்குள்ளேயே அபிசாய் களைத்துவிட்டான். குழி போடும் கழியை மண்ணில் ஊன்றிவிட்டு ஈரப்பலா மர நிழலில் போய்ச் சரிந்ததை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி வசேமதா பார்த்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். நோயோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், "நோவு ஒண்ணும் இல்ல. என்ன சாப்பிடுறாரு?" என்று கேட்டபோது அவளுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. காலையில் சர்க்கரை கொட்டிய தேநீரும் பன்னும். மதியம் நூடுல்ஸ். ராத்திரியும் அதுவே, சில நாள் டின் மீனோடு. தவெயுனித் தீவிலேயே நல்ல சேம்பு அவர்கள் சரிவில்தான் விளைந்தது. அத்தனையும் மூட்டையாகி லாரியேறி, கப்பலேறி, ஆக்லாந்துக்குப் போனது.

மழைக்குள் மேல் சரிவை நட்டு முடிக்கவேண்டும். சனிக்கிழமை ஊர் ஆண்கள் கூட்டு வேலைக்கு வருவதாக இருந்தார்கள். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும் நிலத்துக்காரன் பொறுப்பு. போன தடவை அவள் நூடுல்ஸ்தான் கிண்டி வைத்தாள். மதியத்துக்கு மேல் ஒருவர்கூட எழவில்லை. நடாமல் விட்ட பாதியில் புல் மண்டிப்போனது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கீழ் வரிசையில் இறங்கிக் கிழங்கு பிடுங்கத் தொடங்கினாள். அபிசாய் ஓடிவந்தான்.

"என்ன பண்ற வசே? அது லாரிக்கு வச்சது!"

"தெரியும்."

"பெருசு பெருசாப் பாத்துப் புடுங்குற! சேம்பு வாங்குற ஏஜெண்டுகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"எனக்கும் ஒரு வாக்குக் குடுத்த, சர்ச்சுல வச்சு. கடைசிவரைக்கும் பாத்துக்குறேன்னு. இப்ப மரத்தடியில கெடக்குற உன்னைய நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அபிசாய் அவள் காலடியில் ஈர மண்ணோடு கிடந்த கிழங்குகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டான்.

"தண்டோட தலைய நான் வெட்டுறேன். நாளைக்கு நடுறதுக்கு ஆகணும்ல."

சேம்பு அவசரத்துக்கு வேகாது. அரைகுறையாக வெந்தால் தொண்டையை அரிக்கும். வசேமதா விடியுமுன்பே அடுப்பு மூட்டினாள். ஆட்கள் வந்தபோது கிழங்கு மாவாக வெந்திருந்தது. அபிசாயின் மச்சான் இசிகெலி வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன மச்சான், ஏஜெண்டு செத்துட்டானா? உங்க வீட்ல சேம்பு வேகுது!"

"பேசாமத் தின்னு. நீ இன்னைக்கும் படுத்தா உன்னையும் குழியில நட்டுருவேன்" என்றான் அபிசாய்.

"நடு. ஆனா அந்த ஆக்லாந்துக்கு மட்டும் ஏத்தி விட்றாத, குளிரு தாங்காது."

மதியத்துக்குத் தேங்காய்ப்பாலில் சேம்பிலை, சுட்ட மீன், மறுபடியும் கிழங்கு. சட்டி காலியானது. ஆட்கள் மேலே ஏறிப்போன பிறகு, சரிவிலிருந்து வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. வசேமதா சரிவை நிமிர்ந்து பார்த்தாள். வயிறு நிறைந்த மயக்கத்தில் இந்தத் தடவையும் படுத்துவிட்டார்களோ? லாரிக்கு வைத்ததையும் தின்னக் கொடுத்துவிட்டு, நிலமும் பாதியில் நின்றால் அபிசாய் முகத்தில் எப்படி விழிப்பது? கழுவாத சட்டியை அப்படியே போட்டுவிட்டு மேடேறினாள்.

பாதி வழியில் பாட்டு கேட்டது. இசிகெலி யாரோ ஒருவனின் மாமியாரைப் பற்றிக் கட்டிப் பாட, மற்றவர்கள் சிரிப்பும் பின்பாட்டுமாகக் கழியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வராததற்குக் காரணம், அவர்கள் மேட்டைத் தாண்டி மறுபக்கம்வரை நட்டுக்கொண்டே போயிருந்ததுதான். எல்லோருக்கும் முன்னால், முதுகு வேர்வையில் பளபளக்க, அபிசாய். அவள் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை ஏஜெண்ட் லாரியோடு வந்தான். மூட்டைகளைப் பார்த்து முகம் சுளித்தான்.

"கொறையுதே, அபிசாய்?"

"கொறையும். கீழ் வரிசை இனிமே வீட்டுக்கு."

"நான் மேல என்னய்யா சொல்றது?"

"வீட்ல ஆளுங்க சாப்பிடுறாங்கன்னு சொல்லு."

ஏஜெண்ட் ஏதோ முணுமுணுத்தபடி தலையைத் திருப்பி டிரைவரைத் தேடினான். டிரைவர் எப்போதோ இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியிருந்தான். சமையலறைப் படியில் உட்கார்ந்து, ஆவி பறக்கும் கிழங்கு ஒன்றை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி ஊதிக்கொண்டிருந்தான்.