மாப்பிள்ளை அறையில் ஒரு கணினி

சீரியல் பல்பு எரிந்தது. இல்மாவின் கணினி அணைந்தது.

அவள் கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் மாடியில் இல்மா படித்த அறையே மாப்பிள்ளை அறையாகிக்கொண்டிருந்தது. அலங்காரம் செய்ய வந்த செந்தூர்வேல், பல்பு எரிகிறதா என்று பார்க்க அங்கிருந்த கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டிய!"

"திரை கறுப்பா கெடந்துச்சு தங்கச்சி. சும்மா கெடக்குன்னு நெனச்சிட்டேன்."

திரை மட்டும்தான் உறங்கியது. உள்ளே கணினி முந்தின நாளிலிருந்து ஒரே ஒரு படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஜரிகைத் துணியில் வெளிச்சம் பட்டால் ஒவ்வோர் இழையும் எப்படி மின்னும் என்று கணக்கிட்டு, அதைப் புகைப்படம்போலக் காட்டுவதுதான் இல்மாவின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. பூத்தையல் அவளுக்குப் பள்ளி நாளிலிருந்தே பைத்தியம். கல்யாணக் கட்டிலுக்கான நீல விரிப்பில் ஜரிகைக் கொடி தைத்ததும் அவள்தான். அந்த விரிப்பின் படம்தான் இப்போது பாதியில் போனது. அது இல்லாமல் ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை. கட்டுரையை அனுப்ப சனிக்கிழமை காலை கடைசி. நிக்காஹ் வெள்ளிக்கிழமை.

படத்தைச் சிறிதாக்கினால் சீக்கிரம் முடியும். ஆனால் இழை தெரியாது. இல்மா பிளக்கைச் செருகி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"ஏளா, புது மாப்பிள்ளை வார அறையில இது உறுமிக்கிட்டுக் கெடக்கவா?" என்றாள் உம்மா ரஹ்மத்துன்னிஸா. "கீழ தூக்கிட்டுப் போ."

"தூக்கணும்னா அணைக்கணும் உம்மா. சூடாகாம இருக்க ஏசி வேணும், அதுவும் இங்கனதான் இருக்கு. சனிக்கிழமை வரைக்கும் நகராது."

உம்மா நேரே சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டாள். சற்று நேரத்தில் மாப்பிள்ளை அஃப்ஸல் இல்மாவை அழைத்தான்.

"எனக்கு முந்தியே அங்க ஒரு ஆள் குடிவந்துட்டாராமே?"

"ஆமா மச்சான். சத்தமும் போடுவாரு."

"கொறட்டையா? அப்ப நமக்குத் தொணைதான்." சிரித்தவன் குரலைத் தணித்தான். "அடுத்த வாரம் அனுப்பினா ஆகாதா?"

"வாங்க மாட்டாங்க. ஒரு வருஷம் போயிரும். மூணு வருஷ உழைப்பு மச்சான், நான் அனுப்பத்தான் போறேன்."



"சரி. நான் என்ன செய்யணும்?"

"எதையும் தொடாம இருக்கணும்."

வெள்ளிக்கிழமை இரவு அஃப்ஸல் மாடியேறி வந்தபோது, கட்டிலைச் சுற்றித் தொங்கிய மல்லிகைச் சரங்களில் ஒன்று கணினி மீதும் கிடந்தது. உம்மாவின் வேலை. மணமகன் சட்டைப் பையிலிருந்து சார்ஜரை எடுத்துச் சுவரைப் பார்த்தான். இருந்த ஒரே பிளக்கின் மேல் இல்மா ஒரு தாள் ஒட்டியிருந்தாள்: 'யாராக இருந்தாலும் தொடக் கூடாது.'

"போன் சாகப் போகுது இல்மா."

"கீழ ஹால்ல போடுங்க."

புது மாப்பிள்ளை சார்ஜரும் கையுமாகப் படியிறங்க, ஹாலில் இருந்த மாமிமார் சிரித்த சிரிப்பு மாடி வரை கேட்டது.

விடிந்தபோது படம் முடிந்திருந்தது. இல்மா கட்டில் விரிப்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓர் இலையின் நுனியில் அவள் தைக்காமல் விட்ட இடம்கூட அப்படியே இருந்தது. கட்டுரையில் படத்தைச் சேர்த்து, ஒருமுறை வாசித்து, அனுப்பினாள்.

பிறகு தானே எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தாள்.

"மச்சான், சார்ஜர் எங்க?"