ஐந்து வீட்டு மண்

மண் கலவையில் நச்சின் அளவு முப்பத்தாறு என்று வந்தது. அனுமதித்த அளவு நாற்பது. மேலாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"தேறிடுச்சும்மா. கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம்."

ஆய்வகமே 'மண்காரி' என்று கேலியாகக் கூப்பிடும் அவளோ அறிக்கையின் மேல் கையை வைத்துத் தடுத்தாள். முன்பு பூச்சிமருந்துக் கிடங்கு இருந்த தெரு அது. எத்தனை மழை பெய்தாலும் மட்காத மருந்து. ஐந்து வீட்டுத் தோட்டங்களில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, ஒரே சோதனையாக முடித்தவள் அவள்தான். வேலை மிச்சம் என்று எல்லோரும் செய்வதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

"இது அஞ்சு வீட்டுச் சராசரிதான். நாலு வீடு சுத்தமா இருந்தா, அஞ்சாவது வீட்ல நூத்தியெம்பது இருக்கும் சார். தனித்தனியா எடுத்து வச்ச மண்ணு குளிர்பெட்டியில இருக்கு. மூணு நாள் குடுங்க."

"மூணே நாள். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடக்கூடாது."

நன்றாகத் தலையாட்டினாள். நான்காவது வீடு அவளுடைய தங்கை வீடு என்பது அவருக்குத் தெரியாது. அங்கே ஒரு வயதுக் குழந்தை, கையில் கிடைத்த மண்ணையெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும். படி இறங்குவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

"பாப்பாவ உங்க தோட்டத்துல விடாத."

"ஏன்க்கா?"

"சொன்னதைச் செய். காரணம் கேக்காத, யார்கிட்டயும் சொல்லாத."

மூன்று நாளும் கண்ணாடிக் குப்பிகளோடு மல்லுக்கட்டினாள். யார் வீடாகவாவது இருக்கட்டும், நான்காவது மட்டும் வேண்டாம் என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டாள்.

முதல் வீடு, இரண்டு. இரண்டாவது, ஒன்று. மூன்றாவது, நூற்று எழுபத்திரண்டு. நான்காவது வீட்டுக்குக் கருவி மூன்று என்று காட்டியதும் கண்ணில் நீர் முட்டியது. ஐந்தாவதைப் பார்க்கக்கூட நிற்காமல் தங்கையை அழைத்தாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடி! உங்க மண்ணு சுத்தம். பாப்பா எங்க?"

"பக்கத்து வீட்லக்கா. நீ நம்ம தோட்டத்துல விடாதன்னியா, அடம்பிடிச்சு அழுதா. அந்தம்மாதான் தங்கமா வந்து தூக்கிட்டுப் போனாங்க. மூணு நாளா அவங்க இரட்டைப் பிள்ளைங்களோட அங்கதான் மண்ணுல விளையாடறா."

"எந்தப் பக்கத்து வீடு?"

"மூணாவது வீடுக்கா."

"ஓடு!" என்று அலறினாள் மண்காரி. "மூணு பிள்ளைங்களையும் தூக்கிட்டு வெளிய வா!"