வார் உட்கார ஓர் இடம்

மலேசியாவின் சிரம்பான் பட்டணத்துக் கிளினிக்கில், பஞ்சாலை என்கிற தோட்டத்துப் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி அவ்வளவு வெள்ளை. சாய்ந்தால் அழுக்காகிவிடுமோ என்று எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சுவரெல்லாம் பெண்களின் படம். ஒருத்தி முகத்திலும் வேலைக்கு நேரமாகிவிட்ட கவலை இல்லை.

போன வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டியோடு சேர்த்து அவளுடைய இடது மார்பையும் எடுத்துவிட்டார்கள். உயிர் மிஞ்சியது, வேலை மிஞ்சவில்லை. லாபு தோட்டத்தில் அவள் செம்பனைக்கடியில் களைக்கு மருந்தடிக்கிறவள். முதுகில் மருந்து பம்பைத் தூக்கினால், வலது பக்கத்து வார் சதையில் பதிந்துகொள்ளும். இடது பக்கத்து வார் எலும்பில் உரசித் தழும்பைப் புண்ணாக்கியது. துணியைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். நாலு மரம் தாண்டுவதற்குள் அது கழுத்துக்கு ஏறி எட்டிப் பார்த்தது. ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற மண்டோர் அர்ச்சுனன் அவளை உதிரிப்பழம் பொறுக்க அனுப்பிவிட்டார். மருந்தடிப்பு மாதம் முழுக்க உண்டு. பழம் பொறுக்குவது குலை வெட்டுகிற நாளில் மட்டும்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் கிருபானந்தன், புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தை முன்னிட்டு, ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இலவசமாக மார்பு வைத்துத் தருவதாக அறிவித்தார். கோயில் கமிட்டி பஞ்சாலையின் பெயரைக் கொடுத்தது. தலைவர் டாக்டருக்கு மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்பே மாலை வாங்கிய டாக்டர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற டாக்டர் மேசையில் சிலிகான் பைகளைப் பரப்பினார்.

"இது உருண்டை. இது தண்ணித்துளி மாதிரி, மேல ஒடுங்கி கீழ நிறைஞ்சிருக்கும். என்னுடைய கொள்கை ஒண்டுதான் அம்மா, நேச்சுரல் லுக். பார்க்கிறவைக்கு வச்சதெண்டே தெரியக்கூடாது. உங்களுக்கு எந்த மாதிரி விருப்பம்?"

பஞ்சாலை ஒரு பையை அமுக்கிப் பார்த்தாள். அது அமுங்கி, அலுங்காமல் எழுந்தது.

"இந்தப் பக்கம் இருக்கிற மாதிரியே வைங்க டாக்டர்."

டாக்டர் அந்தப் பக்கத்தைப் பற்றி மரியாதையாக யோசித்தார். "அது மூண்டு பிள்ளைக்குப் பால் குடுத்தது. இறங்கிப் போச்சு. அந்த வடிவத்தில ஒருத்தரும் செய்யிறேல்ல. அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டா ரெண்டும் நேச்சுரலா வரும்."

"அது சும்மாதான டாக்டர் இருக்கு. அத ஏன் வெட்டணும்?"

"சமச்சீர், அம்மா, சமச்சீர்."

"இதுமேல பம்பு வார் மாட்டுனா தாங்குமா?"

டாக்டருக்குப் பம்பு என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் முகம் சுருங்கியது. "ஆபரேஷனுக்குப் பிறகு ரெண்டு மூண்டு மாசத்துக்குப் பாரமே தூக்கக்கூடாது. அதுக்குப் பிறகும் அந்த வேலை வேண்டாம். ஒரு ஆபிஸ் வேலையா பார்த்துக்கொள்ளுங்கோவன்."

வெளியே வந்ததும் நர்ஸ் பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் கொடுத்தாள். "அரிசி போட்டு, கட்டி, பாடிக்குள்ள வச்சிப் பாருங்க அக்கா. கொஞ்சம் கூட்டிக் கொறச்சிப் போட்டா எந்த சைஸ் ஒங்களுக்கு ஒத்துவரும்னு தெரியும். கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க."

பஞ்சாலை கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. மறுநாள் விடியலில் அரிசியைக் கட்டி உள்ளே வைத்துக்கொண்டு நேராகப் பெரட்டுக் களத்துக்குப் போய், பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த மண்டோர் முன்னால் நின்றாள்.

"மண்டோரே, பம்பு குடுங்க. தூக்கிக் காட்டறேன்."

"இது கம்பெனி பஞ்சால, கோயில் அன்னதானம் இல்ல. ஃபிட்டா இருக்கிற ஆளுக்குத்தான் பம்பு." அர்ச்சுனன் அந்த ஆங்கிலச் சொல்லைத் தானே கண்டுபிடித்தவர்போலச் சொன்னார். இருந்தாலும் ஆள் குறைவு. ஒரு நிரை அடித்துக் காட்டட்டும் என்று விட்டார்.

பம்பு நிறைந்திருந்தது. இடது வாரை மாட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வார் இறங்கி, அரிசியில் பள்ளம் பறித்து, உட்கார்ந்துகொண்டது. வலிக்கவில்லை. நடந்தாள். குழாயை வீசினாள். அரிசி நகரவில்லை.

பக்கத்து நிரையில் மருந்தடித்துக்கொண்டிருந்த லெட்சுமி பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னாடி, ஒரு பக்கம் மட்டும் கல்யாணத்துக்குக் கெளம்புன மாதிரி இருக்கு?"

"அரிசிதான் அக்கா. மத்தியானம் சோறாயிடும். தட்டு எடுத்துட்டு வா."

"கொழம்பு யாரு ஊத்துவா, மண்டோரா?"

காற்று திரும்பி மருந்துச் சாரல் இருவர் முகத்திலும் அடித்தது. சிரிப்பு இருமலாக முடிந்தது.

அர்ச்சுனன் நிரையின் முடிவில் இடுப்பில் கை வைத்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை, வாரைப் பார்த்தார். "சரி. இன்னையிலேருந்தே மருந்துக்கு வந்துரு."

"மண்டோரே, ஒரு ஆபரேஷன் இருக்கு. ரெண்டு மூணு மாசம் லீவு..."

"லீவா? லைன்ல வங்காளதேசத்துப் பையனுங்க நிக்கிறானுங்க லா. நீ போனா எடத்துல ஆள் போட்டுருவேன். அதான் நல்லா தூக்கறியே, இன்னும் என்னா ஆபரேஷன்?"

மத்தியானம் கிளினிக்கிலிருந்து நர்ஸ் போனில் அழைத்தாள். "அக்கா, சைஸ் முடிவு பண்ணிட்டீங்களா? டாக்டர் கேக்கறாரு. பத்திரிகைக்காரங்களுக்கு நாள் சொல்லணுமாம்."

பஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் அவள் பம்பு கிடந்தது. பக்கத்துப் பம்பை யாரோ மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"சைஸ் சரியா இருக்கும்மா," என்றாள். "வேற யாருக்காச்சும் வச்சி விடச் சொல்லு."

சாயங்காலம் வீட்டுப் பின்னால் குழாயடியில் சட்டையைத் தளர்த்தி, காலுறையை வெளியே எடுத்தாள். நாள் முழுக்க வேர்வையும் மருந்தும் இறங்கி அரிசி ஊதிப்போயிருந்தது. வெள்ளையில் மருந்தின் நீலம் ஏறியிருந்தது. வைத்திருந்த இடம் தழும்பைச் சுற்றி வட்டமாகச் சிவந்து எரிந்தது. முடிச்சை அவிழ்த்துக் கொட்டினாள்.

அரிசியைக் கண்டதும் கோழிகள் ஓடி வந்தன. பஞ்சாலை பதறி, இரண்டு கையாலும் விரட்டினாள். போனவை திரும்பி வந்தன. துடைப்பத்தை எடுத்து அடித்துத் துரத்திவிட்டு, வேலியோரம் பாராங் கத்தியால் ஆழமாகக் குழி தோண்டி, ஓர் அரிசி மணி விடாமல் வழித்துப் போட்டு மூடி, மேலே கல்லைத் தூக்கி வைத்தாள். கோழிகள் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவை சலித்துப் போகும்வரை காவல் நின்றாள்.

பிறகு காலுறையைச் சோப்புப் போட்டு அலசிப் பிழிந்து, நாளைய அரிசிக்குக் காயட்டும் என்று கொடியில் போட்டாள்.