இரண்டாவது மாவிளக்கு

எங்க வீட்டுக்காரர் வீரையாவுக்கு இன்சுலினைப் பாதியாக் குறைக்கச் சொன்னாரு காரைக்குடி டாக்டர். நான் நேராப் போயி கொப்புடையம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். காய்ச்சல் இறங்குனா மருந்தைக் குறைக்கிறாகள்ல? சக்கரை வியாதியும் இறங்கிருச்சுன்னு கண்டனூர் முழுக்கச் சொல்லிட்டேன்.

மறுமாசம் அவரு தச்சுப் பட்டறையில மயங்கி விழுந்தாரு. சீனித்தண்ணி குடுத்து எழுப்பி, பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். அவரை வெளிய உக்கார வச்சுட்டு டாக்டர் சொன்னாரு: "ஊசியை இன்னும் குறைக்கணும்."

கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்ப சீக்கிரமே ஊசி நின்னுரும்ல?"

"குறைஞ்சது வியாதி இல்லம்மா. நாம போடுற இன்சுலின்ல ஒரு பங்கை நல்ல சிறுநீரகம் அழிச்சிரும். இவருக்கு ரெண்டுமே கெட்டுப்போச்சு. மருந்து கழியாம ரத்தத்துலயே தங்குது. அதான் கொஞ்சம் போட்டாலே சக்கரை ரொம்ப இறங்கி மயங்கிடுறாரு."

"இதை அன்னைக்கே சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுச்சா?" கத்திட்டேன். "இதுக்கு என்ன வைத்தியம்?"

டாக்டர் ஊசியோட புது அளவைச் சீட்டுல எழுதி நீட்டுனாரு.

வெளிய வந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"ஊசியை இன்னும் குறைக்கச் சொன்னாரு."

அவரு மொகம் மலர்ந்துபோச்சு. "அம்மனுக்கு இன்னொரு மாவிளக்குப் போட்டுரு, பொன்னழகு."

வீட்டுக்கு வந்து அரிசியை ஊறப் போட்டேன்.