நான்கு பிளாஸ்டிக் சுவர்களும் ஒரு பாறையும்

1

மனிதர் செய்யும் வேலைகளிலேயே கடினமானது கதை எழுதுவது. கல் உடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கல்லூரி இதழின் ஆசிரியர் குழுவில் சரிபாதி என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன். (மறுபாதி விடுப்பில்.)

இந்தக் கதை பிறந்தது அண்ணியின் சாப்பாட்டு மேசையில். தட்டு வைக்க இடமில்லை. மேசை முழுக்க மாதிரி ரயில் நிலையம் ஒன்றின் சுவர்கள். பெட்டியில் அடைத்து விற்கும் கிட், வழவழ பிளாஸ்டிக். அதில் கல் கல்லாகக் கீறிக்கொண்டிருந்தார் அண்ணி.

2

முதல் தொடக்கம்: "மழையில் நனைந்த கற்கள் மௌனமாக—"

அடித்துவிட்டேன். எல்லாம் பிளாஸ்டிக்.

இரண்டாவது: "அவள் விரல்களில் நூற்றாண்டுகளின்—"

விரல்களில் இருந்தது பசை.

அண்ணிக்குச் செயற்கைப் பல் செய்யும் வேலை. பல் செதுக்கும் கருவியால்தான் கல்லையும் கீறுகிறார். (நம்பமாட்டீர்களோ என்று அவரைத் தையல்காரராக மாற்றிப் பார்த்தேன். தட்டச்சு செய்யும்போதே அண்ணி முறைத்தார். பல்லே இருக்கட்டும்.)

3

கதைக்கு ஆபத்து வேண்டும். இருக்கிறது. மாதிரி ரயில் சங்கத்தின் பெரிய தண்டவாள மேசையில் ஒரே ஓர் இடம்தான் காலி. போன வருடம் அண்ணி கொண்டுபோன இதே நிலையத்தின் மூலையை நகத்தால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார் சங்கத் தலைவர். ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்.

"ஒட்டின கோடு மேலேருந்து கீழ வரைக்கும் ஓடுது. கல்லுக் கட்டடம் இப்படிப் பிளந்தா நிக்குமா? பொம்மைம்மா இது."

ஞாயிறன்று மறுபடி தேர்வு.

"அதுக்காக ஒவ்வொரு கல்லாவா? கிறுக்குத்தனம் அண்ணி. யார் பாக்கப்போறாங்க?"

"ரயில்ல போறவங்க."

"அந்த ரயில்ல யாருமே இல்லையே!"

"உன் கதையப் படிக்கிறவங்களவிட ஒண்ணு ரெண்டு பேர் கூடத்தான் இருப்பாங்க. கைய எடுடா, பசை காயல."

ஒட்டிய கோட்டைப் பசையால் அடைத்துத் தேய்த்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல், இந்தச் சுவரில் தொடங்கி மூலையில் திரும்பி அந்தச் சுவரில் முடியும்படி கீறினார். சாம்பல் நிறத்தில் ஏழு வகை பூசினார். கடைசியாக நீர்த்த கறுப்பைத் தடவித் துடைத்தார். இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கியது. நான் கொட்டாவி விட்டேன். (விட்டதாக எழுதுகிறேன்.)

4

முடிவுகள்:

அ) தலைவர் மறுக்கிறார். அண்ணி ஜன்னலோரம் நின்று— (எங்கள் இதழில் சோகத்துக்குத்தான் பரிசு. ஆனாலும் வேண்டாம்.)

ஆ) தலைவர் மண்டியிட்டு வணங்குகிறார். (அவருக்கு முழங்கால் வலி.)

இ) நடந்தது: தலைவர் மூலையில் நகம் வைத்தார். கோடு அகப்படவில்லை. அடுத்த மூலை. அதிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நான்கு மூலைகளையும் மறுபடி சுற்றிவந்தார்.

"ஏம்மா, ஒரே பாறையிலயா குடைஞ்ச?"

"இல்ல சார். நீங்க திருப்பிக் குடுத்த அதே பொம்மை கிட்தான்."

சங்கமே சிரித்தது. தலைவர்தான் சத்தமாக. தன் கையாலேயே அதைத் தூக்கி, காலியிடத்தில் வைத்தார். சுவிட்சைத் தட்டினார்கள். யாருமே இல்லாத ரயில் வளைவு திரும்பி வந்து அண்ணியின் நிலையத்தில் நின்றது. கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். யாரென்று கேட்காதீர்கள்.

5

அடுத்து ஓர் இன்ஜின் கொட்டகை கேட்டிருக்கிறார் தலைவர். ஆகவே இந்தக் கதையின் உட்பொருள் என்னவென்றால்—

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். கொட்டகைப் பின்சுவரின் இரண்டாவது வரிசையில் நான் கீறிய கோடு ஒன்று, கீழ்வரிசைக் கோட்டுக்கு நேர்மேலே விழுந்துவிட்டது. கல்லுக் கட்டடம் அப்படிப் பிளந்தால் நிற்காது. அடைத்து, காயவைத்து, மறுபடி கீற வேண்டும்.